கோழி பெடையோடு வந்த ஊர்

வியாழன், ஆகஸ்ட் 1, 2024. திருவதிகை

பண்ருட்டி பஸ் நிலையத்துக்கு வெளியே பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சீசன் முடியப்போகிறது, இனிமேல் வருவது ருசிக்காது என்றார் பழக்காரர். கையிலும் கத்தியிலும் எண்ணெயைத் தடவிக்கொண்டு அவர் சுளை எடுத்த வேகத்தைப் பார்க்கவே நாலு பேர் நின்றார்கள். அக்கா ஒரு சுளையை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். “சாமி கும்பிடுறதுக்கு முன்னாடியே சாமி வந்தாச்சு தம்பி” என்றாள்.

இந்தப் பயணமே கிட்டத்தட்ட அதைப் பற்றியதுதான். வரும் ஞாயிறு ஆடி அமாவாசை. தேவாரம் பாடிய அப்பருக்கு, அதாவது திருநாவுக்கரசருக்கு, திருவையாற்றில் கயிலைக் காட்சி கிடைத்த நாளாகக் கொண்டாடுவார்கள். நேராக அங்கே போய் இறங்காமல், அப்பர் தொடங்கிய இடத்தில் தொடங்கலாம் என்று திருவதிகைக்கு வந்திருக்கிறோம். அத்தான் போன பிறகு அக்கா வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வருவது இதுதான் முதல்முறை. ஒவ்வொரு நாள் ராத்திரியும் போனிலேயே எழுதிப் போடப்போகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பண்ருட்டியிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். கெடிலம் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்கு. வீரட்டானேசுவரர் கோயில் விமானம் தேர் வடிவில் நிற்கும். சிவன் திரிபுரம் எரித்த தலம், அவர் வீரம் காட்டிய எட்டு இடங்களான அட்ட வீரட்டங்களில் ஒன்று. அதையெல்லாம் தலபுராணப் பலகையிலேயே படித்துக்கொள்ளலாம். நான் பார்க்க வந்தது அப்பரின் அக்கா திலகவதியாரை. தம்பி பக்கத்தில் அக்காவுக்கும் இங்கே சந்நிதி உண்டு.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் இறந்துபோகிறார். அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே இல்லை. உயிரை விடப்போன அக்காவைத் தம்பி மருள்நீக்கியார் (பின்னாளில் அப்பர்) காலில் விழுந்து தடுக்கிறார். ‘தம்பியார் உளராக வேண்டும்’ என்று அந்த அம்மா உயிர் தாங்கினார் என்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். அப்புறம் அந்தத் தம்பி சமணத்துக்குப் போய்த் தருமசேனர் ஆகிறார். அக்கா இந்தக் கோயிலைப் பெருக்கி மெழுகிக்கொண்டே காத்திருக்கிறார். சூலைநோய் வந்து வயிறு முறுக்கிச் சுருண்டு திரும்பி வந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்து, விடிவதற்கு முன் இந்த வாசலுக்குள் கூட்டிக்கொண்டு போகிறார். அப்போது வந்த பாட்டு ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’. நாலாம் திருமுறையின் முதல் பாட்டு.

இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. அன்றாட சந்தோஷங்களில் கடவுள் தெரிகிறார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நல்ல காப்பி, நல்ல மழை, உடனே இறையருள். வலி வந்த வீட்டில் போய் இதைச் சொல்ல முடியுமா? ஆனால் அப்பர் சொன்னால் கேட்கலாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ‘எமன் மாதிரி வந்திருக்கிறது, விலக்க மாட்டீரா’ என்று தொடங்கிய ஆள் அவர்.

திலகவதியார் சந்நிதியில் கூட்டம் இல்லை. வெளியே ஓர் அம்மா தென்னந்துடைப்பத்தால் பிராகாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். சருகைக் குவிப்பார், காற்று கலைக்கும், திரும்பக் குவிப்பார். “ஆடி மாசம்னா இப்படித்தான் சார்” என்று சிரித்தார், கோபமே இல்லாமல். அக்கா அவரோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். “அவங்க மருமக நல்லவளாம்” என்றாள்.

வெள்ளி, ஆகஸ்ட் 2. சிதம்பரம், கும்பகோணம்

ஆடி வெள்ளி. தில்லைக் காளி கோயில் பக்கம் கால் வைக்க முடியவில்லை. நடராசரைத் தூரத்திலிருந்து பார்த்தோம். ‘குனித்த புருவமும் கொவ்வைச் செவ்வாயில் குமிண்சிரிப்பும்’ என்று அப்பர் பாடியது இங்கேதான். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கிடைக்குமென்றால் ‘மனித்தப் பிறவியும் வேண்டுவதே இந்த மாநிலத்தே’ என்று முடிப்பார். பிறவியே வேண்டாம் என்று எல்லோரும் வரிசையில் நிற்கும் இடத்தில் ஒருவர் மட்டும் எனக்கு இன்னொரு டிக்கெட் கொடு என்கிறார். ஓதுவார் அந்த அடியை இரண்டு தடவை பாடினார். பின்னால் ஒரு பையன் அம்மாவிடம் பசிக்கிறது என்று இழுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் இந்த மாநிலம்தான் வேண்டும்.

கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. அக்காவுக்குக் கொடுத்தேன், கொஞ்சம் மனசில்லாமல்தான். வழியெல்லாம் காற்று. ‘மாசில் வீணையும் மாலை மதியமும், வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்’ என்று சொல்லிப்பார்த்தேன். இது தென்றல் இல்லை. அம்மியை நகர்த்துகிற ஆடிக்காற்று. இருந்தாலும் வேர்வைக் கழுத்தில் பட்டால் எந்தக் காற்றும் தென்றல்தான்.

அந்தப் பாட்டைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். எங்கே பாடியது என்பதைத்தான் மறந்துவிடுவோம். ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்து வைத்தபோது பாடியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. ஈசன் நிழல் எப்படி இருக்கிறது என்று சொல்ல, அந்தச் சூட்டில் அவருக்கு ஞாபகம் வந்தவை என்னென்ன? வீணை சத்தம், சாயங்கால நிலா, காற்று, இளவேனில், வண்டு சுற்றும் குளம். ஒன்றுகூடக் கோயில் சமாசாரம் இல்லை. காசு கொடுத்து வாங்குகிற சமாசாரமும் இல்லை. வீணைகூட யாரோ வாசிக்க, தெருவில் போகிறவன் காதில் விழுவதுதான்.

ராத்திரி கும்பகோணத்தில் தங்கல். ரூமில் கொசு. இதில் இறையருள் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சனி, ஆகஸ்ட் 3. திங்களூர், திருவையாறு

ஆடிப் பதினெட்டு. இந்த வருஷம் காவிரிக் கதை தெரிந்ததுதானே? வழக்கமான ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறக்க அணையில் தண்ணீர் இல்லை. குறுவை போச்சு என்று உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் கர்நாடகத்தில் கொட்டிய மழையில் மளமளவென்று ஏறி, ஜூலை 28இல் திறந்தார்கள். 30ஆம் தேதி 120 அடி முழுசாக நிரம்பியது. பெருக்கு நாளைக்குத் தண்ணீர் வந்து சேருமா என்று ஏங்கிக்கொண்டிருந்த ஊர்களுக்குச் சரியாக முன்னதாக வந்துவிட்டது.

கணபதி அக்ரகாரம் வழியாகத் திருவையாறு போகும் பஸ்ஸில் ஏறி, திங்களூரில் இறங்கி உள்ளே நடந்தோம். இப்போது சந்திரன் தலமாக நவக்கிரகச் சுற்றுலா வேன்கள் வருகின்றன. எனக்கு இது அப்பூதியடிகள் ஊர். அப்பரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு, அளக்கும் படிக்கு, தராசுக்கு எல்லாம் திருநாவுக்கரசு என்று பெயர் வைத்தவர் அவர். வழியில் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே பெயர். வெயிலில் நடந்துவந்த அப்பர் அந்தப் பந்தலில் தன் பெயரைப் பார்த்துத் திகைத்து விசாரிக்கிறார். யோசித்துப்பாருங்கள், தாகம் எடுத்த இடத்தில் தன் பெயரிலேயே தண்ணீர்!

கோயில் பக்கத்துக் கடையில் வெளியே ஒரு பானையும் டம்ளரும் இருந்தன. பாட்டில் வாங்குங்க என்று சொல்லவில்லை அந்தக் கடைக்காரம்மா. “பானைத் தண்ணி நல்லாருக்கும், குடிங்க” என்றார். வெட்டிவேர் வாசனை. பெயர்ப்பலகை ஏதும் இல்லை.

திருவையாறு வந்தபோது மணி பதினொன்று. புஷ்ய மண்டபப் படித்துறையில் ஊரே இருந்தது. காவிரி கலங்கலாக, படிகளை விழுங்கிக்கொண்டு போனது. ஆழத்தில் இறங்கவிடாமல் போலீஸ்காரர்கள் விசில் ஊத, விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில் பையன்கள் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஏறினார்கள். பெண்கள் வாழையிலையில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணி, காப்பரிசி, பழம், பூ எல்லாம் படைத்துக் கற்பூரம் காட்டினார்கள். தெருவில் சின்னப்பிள்ளைகள் சப்பரம் இழுத்தார்கள். ஒரு சப்பரத்தின் சக்கரம் கழன்று ஓடியதும் அதன் சொந்தக்காரன் அழவில்லை, சக்கரத்தையே ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

புது ஜோடிகள் நிறைய. ஆடி பிறந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள் அல்லவா? பெருக்கன்று மாப்பிள்ளையை விருந்துக்கு அழைத்து, இரண்டு பேரையும் ஆற்றங்கரைக்குக் கூட்டி வருகிறார்கள். கல்யாண மாலையை எடுத்துவைத்திருந்து காவிரியில் விடுகிறார்கள். இரண்டு வாரம் பார்க்காமல் இருந்த முகங்களை மறைக்கத் தெரியவில்லை இந்தப் பிள்ளைகளுக்கு. மாலை சுழித்துக்கொண்டு போவதைப் பார்க்கிற சாக்கில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

படியில் ஒரு பாட்டி மஞ்சள் கயிறு எடுத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “எனக்கு வேண்டாம்மா.” ஏன் என்று அந்தப் பாட்டிக்குப் பார்த்ததுமே புரிந்திருக்கும். “காவேரி ஆளு பாத்தா வர்றா? கையை நீட்டு ஆத்தா” என்று அதட்டி, மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டு, நெற்றியில் மஞ்சளும் வைத்துவிட்டார். ஒரு கை காப்பரிசியும் கொடுத்தார். அக்கா அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே கோயில் வரைக்கும் பேசாமல் வந்தாள். வெல்லமும் எள்ளும் தேங்காயும் ஊறின அரிசி. எனக்கும் பாதி தந்தாள்.

ஞாயிறு, ஆகஸ்ட் 4. திருவையாறு

காலையில் அதே படித்துறை, வேறு கூட்டம். நேற்று மாலை விட்ட இடத்தில் இன்றைக்கு எள்ளும் தண்ணீரும். அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தேன். வாத்தியார் மூன்று நான்கு வரிசைகளுக்குச் சேர்த்து மந்திரம் சொன்னார். கோத்திரமும் பேரும் கேட்ட இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் அப்பா பேரைச் சொன்னோம். முப்பது நாற்பது அப்பாக்கள். கரையேறியதும் பசுவுக்கு அகத்திக்கீரை. மாடு ஏற்கெனவே வயிறு முட்டத் தின்றிருந்தது. என் கட்டை மரியாதைக்கு ஒரு கடி கடித்துவிட்டு விட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வயதான காலத்தில் அப்பர் கயிலைக்குப் புறப்படுகிறார். கால் தேய்ந்ததும் கையால் போகிறார். கை தேய்ந்ததும் மார்பால், அப்புறம் புரண்டு. இறைவன் முனிவர் வேடத்தில் வந்து, மனுஷனால் முடியாது திரும்பிப் போ என்கிறார். கேட்கிற ஆளா? கடைசியில், இந்தப் பொய்கையில் முழுகு, திருவையாற்றில் காட்டுகிறேன் என்று உத்தரவாகிறது. இமயத்தில் முழுகியவர் இங்கே எழுகிறார். எழுந்து பாடியது ‘மாதர்ப் பிறைக்கண்ணியானை’. பதினோரு பாட்டு.

பனிமலை பார்த்தேன் என்று பாடியிருக்கலாம். அவர் சொல்கிற பட்டியலைப் பாருங்கள். காதல் மடப்பிடியோடு களிறு வந்தது, கண்டேன். கோழி பெடையோடு கூடிக் குளிர்ந்து வந்தது. குயில், மயில், பன்றி, கலைமான், நாரை, கிளி. கடைசியில் ஒரு காளை, இளம்பசுவைத் தழுவிக்கொண்டு. ஒவ்வொரு பாட்டும் ‘கண்டேன் அவர் திருப்பாதம், கண்டறியாதன கண்டேன்’ என்று முடியும். கோழியைக் கண்டறியாதவரா அப்பர்? பண்ருட்டிப் பக்கம் வேளாளர் வீட்டில் பிறந்தவர். எத்தனை ஆயிரம் கோழி பார்த்திருப்பார்!

சிவமும் சக்தியும் எல்லா உயிரிலும் இருப்பதைக் கண்டார் என்றுதான் பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். சத்திரத்தில் எங்களோடு தங்கியிருந்த ஒரு பெரியவரும் அதைத்தான் சொன்னார், மேற்கோளோடு. தப்பில்லை. பாட்டே ‘மலையான் மகளொடும் பாடி’ என்றுதான் தொடங்குகிறது. ஆனால் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. வந்தவை எல்லாம் ஜோடி ஜோடியாக வந்தன. பார்த்துக்கொண்டு நின்றவர் கல்யாணமே செய்துகொள்ளாத கிழவர். அவர் வீட்டில் கல்யாணப் பேச்சு ஒரே ஒரு தடவைதான் நடந்தது, அதுவும் போர்க்களத்தில் முடிந்தது. தனக்கும் வாய்க்காத, அக்காவுக்கும் வாய்க்காத ஒன்றை, ஒரு சேவலும் கோழியும் ‘குளிர்ந்து’ வருகிற நடையில் பார்த்து, அங்கே இறைவன் பாதத்தைக் காண்கிறார். நமக்குக் கிடைத்த நல்லதில் கடவுளைப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. அடுத்த வீட்டுச் சந்தோஷத்தில் பார்ப்பதற்கு அந்தக் கண் வேண்டும்.

சாயங்காலம் வரைக்கும் ஊரைச் சுற்றினோம். டீக்கடைப் பின்புறம் சேவலும் இரண்டு பெடைகளும் (அப்பர் கணக்குக்கு ஒன்று கூடுதல்) குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. கோபுரத்தில் கிளிகள். வயல் பக்கம் நாரை ஒன்று, துணை எங்கேயோ. மயில் இப்போதெல்லாம் தேடவே வேண்டாம், நாற்றங்கால்காரர்கள் அதைத் துரத்தித் துரத்தி அலுத்துவிட்டார்கள். காளையைத்தான் காணோம். உழவுக்கு டிராக்டர், சினைக்கு ஊசி என்று ஆகிவிட்டது. அக்கா சளைக்கவில்லை. எக்ஸ்எல் வண்டியில் பின்னால் பொண்டாட்டி, முன்னால் அண்டாவோடு போன சமையல்காரரைக் காட்டி, “இதோ வருது பாரு களிறும் பிடியும்” என்றாள். அந்த அம்மாள் அவர் முதுகில் சாய்ந்து தூங்கிக்கொண்டே போனார்.

ராத்திரி கயிலைக் காட்சிக்கு ஐயாறப்பர் கோயிலில் நெரிசல். வடபுறத்துக் கயிலாயக் கோயில் இராசராசனின் தேவி உலகமாதேவி கட்டியது. கல்வெட்டு இருக்கிறது, நிதானமாக இன்னொரு நாள் பார்க்க வேண்டும். தேவாரக் குழுக்கள் பாட, கூட்டமும் சேர்ந்துகொண்டது. ‘கண்டேன்’ என்ற இடத்தில் பெண்கள் குரல் தனியாக மேலே ஏறியது.

எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தலைகள், தலைகளுக்கு மேல் போன்கள். எங்களுக்கு முன்னால் அப்பா தோளில் ஒரு பெண்குழந்தை, நாலைந்து வயசு. அதுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வந்தது. “இன்னும் ஒண்ணும் காட்டல... ஐயரு வராரு... தீ காட்டுறாங்க, தீ காட்டுறாங்க!” அது சொன்னதும் சுற்றியிருந்த இருபது பேரும் கையைக் குவித்தோம். குழந்தை திரும்பிப் பார்த்து, தன்னைத்தான் கும்பிடுகிறோம் என்று நினைத்து அதுவும் கையைக் குவித்தது.

திங்கள், ஆகஸ்ட் 5. திருப்புகலூர்

பஸ், இன்னொரு பஸ், நன்னிலத்திலிருந்து ஆட்டோ. அப்பர் முடிந்த ஊர். சித்திரைச் சதயத்தில் ‘எண்ணுகேன் என்சொல்லி எண்ணுகேனோ’ என்று பாடிக்கொண்டே இறைவனோடு கலந்தார் என்பது கதை. அக்னீசுவரர் கோயிலைச் சுற்றி அகழி மாதிரி தண்ணீர். அல்லிக்கு நடுவில் நீர்க்கோழி ஒன்று குஞ்சுகளோடு இலைமேல் நடந்துபோயிற்று. இங்கே நேற்றைய நெரிசலுக்கு நேர்மாறு, எங்களையும் சேர்த்துப் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

இங்கே உழவாரத்தால் அப்பர் புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது, செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்னியதாம். அவர் அவற்றைக் கல்லோடு கல்லாக அள்ளிக் குளத்தில் எறிந்துவிட்டுச் செதுக்கிக்கொண்டே போனார். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சந்தோஷம் தருகிறது என்பதற்காக எதையும் அருள் என்று அவர் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. காற்றுக்கும் நிலாவுக்கும் கோழிக்கும் பாட்டு, தங்கத்துக்குக் குளம்.

இதைக் கரையில் உட்கார்ந்து அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் உடனே, “இதே ஊர்லதானே சுந்தரருக்குச் செங்கல் பொன்னாச்சு?” என்றாள். ஆமாம், இதே கோயில்தான். திருவாரூரில் மனைவி பரவையாரின் பங்குனி உத்திரச் செலவுக்குப் பணம் இல்லாமல் வந்தவர், செங்கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்தால் அத்தனையும் பொன். அவர் எறியவில்லை, பாட்டுப் பாடி, மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

“அப்ப அவருக்கு மட்டும் அது அருளா?”

“ஊருக்குச் சோறு போடணும்னு பரவையார் வீட்டுல காத்திருந்தாங்கடா. உங்க அப்பர் ஒண்டிக்கட்டை, எறிஞ்சுட்டார். வீட்டுல கேக்க ஆள் இருந்தா தெரியும்.”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்.

அடுத்து அக்காவுக்குத் திருவாரூர் போயே ஆக வேண்டுமாம். புதன்கிழமை ஆடிப்பூரம், கமலாம்பாளைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டாளாம். நான் நாளைக்கு வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு நாள் கூடுதல் லீவு கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை; ரூம் வாடகை எவ்வளவு என்று ஆட்டோக்காரரிடம் விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.